பாதி வெளியே வந்த பூச்சி

ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், போதும். எனக்குக் காற்று வேண்டும், ஆனால் என் குரல் முன்னால் போய்விடக் கூடாது. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி, கறுப்புக் கண்ணாடியும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று அந்த ஒற்றை இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மடியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது, பார்த்தீர்களா? அதற்குள் ஒரு நோட்டு. நானூறு பக்கம். நான் எழுதியது. அதை அவர் படிக்கக் கூடாது.

சிரிக்காதீர்கள். இப்போது அவரால் படிக்க முடியாதுதான். ஆறு வருடமாகக் கண் தெரியாது. கருவிழி இரண்டிலும் பாலேடு படிந்ததுபோல் ஆகிவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பெயர் எழுதி வைத்து இரண்டு வருடம் காத்திருந்தோம். நேற்று சாயங்காலம் போன் வந்தது. யாரோ ஒரு நல்ல ஆத்மா விட்டுவிட்டுப் போன கண் வந்திருக்கிறதாம், காலையிலேயே புறப்பட்டு வாருங்கள் என்றார்கள். போனை வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சுகி, அந்த நோட்டை எடு. கண்ணு வந்ததும் முதல்ல அதைத்தான் படிப்பேன்."

பைபிளை இல்லை. என் முகத்தை இல்லை. நோட்டை.

அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே தூங்கினார். காலையில் பையில் போட்டு மடியில் வைத்தவர் இன்னும் கை எடுக்கவில்லை. நீங்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடுவீர்கள், இல்லையா? டிக்கெட் வாங்கும்போது கேட்டேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இனி என்னை எங்கே பார்க்கப்போகிறீர்கள்?

கேட்டதா? "எத்தனை, சுகி?" என்று ஒரு குரல். வளைவை எண்ணுகிறார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நான் சொல்ல வேண்டும். கொஞ்சம் இருங்கள்.

"நாலுங்க!"

"சரி."

நாற்பத்தாறு வருடமாக நான் எது சொன்னாலும் அவரிடமிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான். சரி. இட்லி வெந்துவிட்டது, சரி. அப்பா இறந்துபோனார், சரி. கண்டக்டரைப் பாருங்கள், சிரிக்கிறான். "ஐயா, நாங்க தினம் ரெண்டு தடவை ஏறி இறங்கறோம், நாங்களே எண்ணினது இல்லீங்க" என்கிறான். இவர் விடுவாரா? "அதான்யா நீ இன்னும் கண்டக்டரா இருக்கே" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். வெளியில் அவர் அப்படித்தான்.

எங்கள் வீடு மலைமேல் எமரால்டு என்கிற ஊர்ப் பக்கம். தேயிலை ஃபேக்டரி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றதும், ஓடைக்கு மேலே சரிவில் ஒரு சின்ன வீடு வாங்கினார். எனக்காக இல்லை, டிரவுட் மீனுக்காக. வெள்ளைக்காரன் தன் குளிர் நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. மண்புழு போட்டும் பிடிக்கலாம். ஆனால் புழு போடுகிறவனை இவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்று கட்டுவார்கள், ஃப்ளை என்று பெயர். அன்றைக்கு ஓடையில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதே சாயலில் ஃப்ளை போட வேண்டும். அளவு ஒரு நெல் முனை தவறினாலும் மீன் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். எந்த நாளில் எந்த ஃப்ளை என்று தேர்ந்தெடுப்பதில்தான் அவருடைய மானம், மரியாதை, எல்லாம்.

மேகம் மூடின பிற்பகலில் தண்ணீரிலிருந்து ஒருவகைப் பூச்சி கிளம்பும். ஈசல் என்று நினைத்துவிடாதீர்கள். ஈசல் மண்ணிலிருந்து வரும். இது ஒரு வருடம் ஓடைக் கல்லுக்கடியில் கிடந்துவிட்டு, ஒரே ஒரு நாள் இறக்கையோடு இருக்கும். அந்த ஒரு நாளைக்கு அதற்கு வாய் கிடையாது. தின்னவும் முடியாது, யாரிடமும் ஒன்றும் சொல்லவும் முடியாது. மே மாதத்தில் வருவதால் மேஃப்ளை என்று அவருடைய இங்கிலீஷ் புத்தகத்தில் வண்ணப் படத்தோடு போட்டிருக்கிறது. எங்கள் ஓடைப் பூச்சி அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. பிப்ரவரியிலேயே வந்துவிடும்.

கண் போன வருடம், இனி தூண்டில் இல்லை என்றுதான் நினைத்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும், கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். பிப்ரவரி வந்தது. ஒருநாள் டிபன் முடித்துவிட்டு, "சுகி, வெளியே மேகமா?" என்றார். "ஆமாங்க." "காத்து?" "இல்லீங்க." மேஜைமேல் அவருடைய பழைய மிட்டாய் டப்பாக்கள் இருக்கும். கண் நன்றாக இருந்தபோது கட்டி வைத்த நூற்றுக்கணக்கான ஃப்ளை. விரல் நுனியால் துழாவி ஒன்றை எடுத்தார். இறக்கை இரண்டும் பாய்மரம் மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஃப்ளை. "இதைப் போடு. போய்ட்டு வா" என்றார்.

"நானா?"

"பின்னே, போஜனா போவார்?"

போஜன் பக்கத்து வீடு. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அறுபத்து நாலு வயதில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தூண்டிலோடு இறங்கினேன். டீக்கடையில் 'மீன்காரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். முதல் வருடப் பரீட்சை முடிந்த வாரம் கல்யாணம், இரண்டாவது வருடம் கிடையாது. மனப்பாடத்தில் கல்லூரியிலேயே முதல். நூறு செய்யுளை ஒரு பிழையில்லாமல் ஒப்பிப்பேன். அந்தத் திறமைக்கு என்ன உபயோகம் வந்தது என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

முதல் பத்து நாள் ஒரு மீனும் இல்லை. மேலே பூச்சி மிதக்கிறது, மீன் அங்கங்கே தண்ணீரைக் கொத்துகிறது, என் பாய்மரத்தை மட்டும் சீண்டவில்லை. பதினோராவது நாள் பாறையில் உட்காரும்போது ஃப்ளை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இறக்கை நசுங்கிவிட்டது. வேறு எடுத்துவரவில்லை. அதையே போட்டேன். மிதக்காமல் பாதி முழுகிக் கோணலாகப் போனது. போன வேகத்திலேயே ஒரு மீன் இழுத்துக்கொண்டு ஓடியது.

அப்புறம் குனிந்து பார்த்தேன். தண்ணீரின் மேல்தோலில்தான் எல்லாம் நடக்கிறது. பூச்சி தன் பழைய சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வந்துவிட்டால் பறந்துவிடும். சிலதுக்குப் பாதிதான் வரும். தலையும் ஒரு இறக்கையும் வெளியே, மிச்சம் சட்டைக்குள்ளே. உதறி உதறிப் பார்த்துக்கொண்டே ஓடையோடு போகும். மீன் அதைத்தான் தின்கிறது. நிமிர்ந்து நிற்பதை அல்ல, மாட்டிக்கொண்டதை. அது எங்கேயும் ஓடாது, பாருங்கள்.

வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொன்னேனா என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்ல வாயெடுத்தேன். அவர் மீனைக் கையில் வாங்கி எடை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் ஒரு மனுஷக் களை. "என் ஃப்ளைதானே?" என்றார். "ஆமாங்க, உங்க ஃப்ளைதான்" என்றேன். "சரி" என்றார். "எழுதிக்கோ."

அப்படி ஆரம்பித்தது அந்த நோட்டு. தேதி, மேகம், தண்ணீர், பறந்த பூச்சி, போட்ட ஃப்ளை, கிடைத்த மீன். பிற்காலத்தில் இந்த மலையில் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கையேடாகும் என்று அவருக்கு எண்ணம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். மறுநாள் சொன்னார், 'இறக்கை நிமிர்ந்த சாம்பல் ஃப்ளைக்கு மூன்று மீன்.' பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. பொய்யை வாயால் சொல்லலாம். எழுத்தில் எப்படி எழுதுவது? 'நான் நகவெட்டியால் இறக்கையை நறுக்கினேன். அதற்குத்தான் மூன்று மீன்' என்று எழுதினேன். "படி" என்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். "சரி" என்றார்.

"எத்தனை, சுகி?"

"ஆறுங்க! வலது பக்கம் திரும்புது, கம்பியைப் பிடிச்சுக்கோங்க!"

"சரி."

அப்புறம் வழக்கமாகிவிட்டது. அவர் எடுத்துக் கொடுக்கும் பாய்மரத்தை ஓடைக்கரையில் நறுக்கிவிடுவேன். முழுசு எங்கே என்று கேட்டால், "கிளையில மாட்டிக்கிச்சுங்க." சரி. வாரம் மூன்று கிளையில் மாட்டினால் அந்த மரம் இத்தனை நாளைக்கு ஃப்ளையாகப் பூத்திருக்க வேண்டும். அவருக்குக் கணக்கு தெரியாது, நல்ல வேளை.

நோட்டில் முதலில் மீனும் பூச்சியும்தான். பூச்சிகளுக்கு நானே பெயர் வைத்தேன். சாம்பல் இறக்கை மூடி உட்கார்ந்திருப்பது 'முக்காடு'. சில மணி நேரத்தில் தோல் உரித்துக் கண்ணாடி இறக்கையோடு வருவது 'மினுக்கி'. சட்டையில் சிக்கியது 'மாட்டிக்கொண்டவள்'. பெயர் வைத்த அப்புறம் மற்றதும் வர ஆரம்பித்தது. அவர் சாப்பிடும்போது போடும் சத்தம். என் எம்.ஏ. நாற்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட என்னிடம் அவர் கேட்காத கேள்விகளின் பட்டியல், அதுவே ஏழு பக்கம். பாளையங்கோட்டையில் என் தங்கை பியூலா தனியாக இருக்கிறாள். மாடியில் ஒரு அறையை எனக்காகக் காலியாக வைத்திருக்கிறாள். 'அக்கா, வந்துடு' என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எழுதுவாள். 'எனக்குப் போக வேண்டும்' என்று நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதி முடித்துவிட்டு, 'மேகம், காற்றில்லை, சாம்பல் ஃப்ளை, நான்கு மீன்' என்று ஒப்பிப்பேன். அவர் பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார், பூனையைத் தடவுவது மாதிரி. பேனா அழுந்தின தடம் இருக்கும் அல்லவா. "இன்னிக்கு நிறைய எழுதியிருக்கே" என்பார். "என் எழுத்து பெரிசுங்க" என்பேன்.

அந்த ஓடையை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஐந்தரை மணிக்கு ஒரு வெளிச்சம் வரும், அப்போது மினுக்கிகள் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும், யாரோ தொட்டில் ஆட்டுவது மாதிரி. அதைப் பார்ப்பதற்காக இருட்டும்வரை நின்றுவிட்டுக் கால் விறைத்துப்போய் வருவேன். பிடிக்காத இடம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணில்லாமலே மனுஷன் கற்றுக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால், டப்பாவிலிருந்து ஒரு ஃப்ளையை எடுத்துக் கொடுத்து, "இதோட இறக்கையைக் கொஞ்சம் கத்தரிச்சுட்டுப் போடு. பாதி முழுகட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாலு வருடம் நான் தண்ணீரில் நின்று கண்டுபிடித்தது, இவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டார். அதையும் 'என் யோசனை' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். போன மாதம் ஒருநாள், "இன்னிக்கு முக்காடு வருமா, சுகி?" என்கிறார். அந்தப் பெயரை நான் எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. வயதாகிவிட்டது, வாய்க்குப் பூட்டு தளர்ந்துவிட்டது.

போஜனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சனிக்கிழமை நான் மார்க்கெட் போகிற இரண்டு மணி நேரம் அவர் வந்து பேப்பர் படித்துக் காட்டுவார். மூன்று வருடமாக. நல்ல மனிதர், கணீரென்று குரல். நான் கேட்டைத் திறந்தால் போதும், குரல் நின்றுவிடும். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடுவார். ஒரு தடவை மட்டும், "அம்மா, நீங்க ரொம்ப நல்லா எழுதறீங்க" என்றார். பியூலாவுக்குப் போடும் கடிதாசி உறையைத் தபாலில் பார்த்திருப்பார். மேல்விலாசத்தில் என்ன நல்ல எழுத்து இருக்கிறது? கூச்ச சுபாவம், ஏதோ பேச வேண்டுமே என்று பேசுகிறார்.

பர்லியாறு வந்துவிட்டது. டீக்கு நிறுத்துவார்கள். இங்கேதான். அவர் இறங்காமல் முடியாது, காலையில் நீர் மாத்திரை போட்டிருக்கிறார். கண்டக்டர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். நான் போய்ப் பையை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

வாங்கிவிட்டேன். "இந்தா சுகி, பத்திரம்" என்று கொடுத்தார். இதுதான். உங்கள் கூடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் துணிக்குக் கீழே. வீட்டில் அடுப்பில் போட்டுவிடுங்கள், படிக்காமல். அல்லது படியுங்கள், உங்களை யாரென்று எனக்குத் தெரியாது. இதோ, இது புது நோட்டு. ஆஸ்பத்திரியில் சும்மாதானே இருப்போம் என்று அடுத்த சீசனுக்காகப் போஜனை விட்டு வாங்க வைத்தார். அதே அளவு, அதே அட்டை. பைக்குள் இதைப் போட்டுவிடுகிறேன்.

ஏன் இவ்வளவு பயம் என்கிறீர்களா? கடைசிப் பத்துப் பக்கம்தான். மற்றதுகூட ஏதோ கிழவியின் புலம்பல் என்று போய்விடும். கடைசிப் பத்துப் பக்கத்தில், போன ஞாயிறு எழுதியது, 'இவருக்குக் கண் வந்துவிட்டால் கட்டுப் பிரித்த மறுநாள் நான் பியூலாவிடம் போய்விடுவேன். கண்ணில்லாதவரை விட்டுப் போக முடியவில்லை. கண் உள்ளவரை விட்டுப் போகலாம்' என்று எழுதியிருக்கிறேன். தெளிவாக. பெட்டியில் எந்தெந்தப் புடவை என்றுகூட எழுதிவிட்டேன்.

வருகிறார். பையைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே கை விடுகிறார். பார்க்காதீர்கள், ஜன்னல் பக்கம் திரும்புங்கள். கட்டை விரலால் பக்கங்களைப் புரட்டுகிறார். பின்புறத்தைத் தடவுகிறார். நிறுத்திவிட்டார். கண்டக்டரைக் கூப்பிடுகிறார். ஏதோ சொல்கிறார். அவன் இங்கே வருகிறான். கூடையை மூடுங்கள்.

"என்னப்பா?"

"அம்மா, ஐயா சொல்லச் சொன்னாரு. பழைய நோட்டு உங்ககிட்டே இருக்காம், நனையாம பாத்துக்குவீங்களாம். போஜன் சார் கடைசிப் பத்துப் பக்கம் இன்னும் படிச்சுக் காட்டலையாம்."

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம். பஸ் திரும்புகிறது அல்லவா, அதுதான்.

சனிக்கிழமை. மூன்று வருடம் சனிக்கிழமை.

இறக்கையைக் கத்தரித்துப் போடு என்றாரே. முக்காடு வருமா என்றாரே. நீங்கள் நல்லா எழுதறீங்க என்றாரே அந்த மனிதர். என் ஏழு பக்கப் பட்டியலை அந்தக் கணீர்க் குரல் படித்திருக்கிறது. இவர் காபி குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அந்தப் பட்டியலிலிருந்து ஒரு கேள்வியாவது என்னிடம் கேட்டாரா? 'எனக்குப் போக வேண்டும்', 'எனக்குப் போக வேண்டும்' என்று போஜன் படித்திருப்பார். இவர் 'சரி' என்றிருப்பார். நான் காய்கறிப் பையோடு உள்ளே வந்ததும், "மேகமா இருக்கு சுகி, ஓடைக்குப் போய்ட்டு வா" என்பார். நான் பூட்ஸைத் தேடுவேன்.

பெரிய வீடுகளில் இருந்திருக்கிறேன், அம்மா. எஸ்டேட் பங்களாவில் ஒன்பது அறை. எனக்கென்று கதவு உள்ள அறை இந்த நோட்டு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளும் அவர் முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் இருட்டில் பார்க்கவில்லை.

அதைக் கொடுங்கள். பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள். இனி உங்கள் கூடையில் எதற்கு? கிழிக்கவா? கடைசிப் பத்தை மட்டும் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விடலாம்தான். வேண்டாம். அந்தப் பத்துப் பக்கம்தான் இன்னும் என்னுடையது. அதை யாரும் கணீரென்று படிக்க வேண்டாம். அவரே படிக்கட்டும், புதுக் கண்ணால்.

"கண்டக்டர் தம்பி, இதை ஐயாகிட்டே குடுத்துடுப்பா. பத்திரமா இருக்குன்னு சொல்லு."

போவேன். நிச்சயமாகப் போவேன். கட்டுப் பிரித்த மறுநாள். அதற்கு அப்புறம் ஒரு வருடம் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டுமாம், முதலில் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் நாலு வேளை. கை நடுங்காத ஆளாக இருக்க வேண்டும், நுனி கண்ணில் படக் கூடாது. போஜனுக்குக் கை நடுங்கும். வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வருகிறேன். ஒருத்தரும் அகப்படவில்லை.

"எத்தனை, சுகி?"

பாருங்கள், நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறார்.

"நீங்களே சொல்லுங்க!"

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும்.

"ஒன்பது" என்கிறார். யோசிக்கவே இல்லை. ஒரு நொடிகூட.

நானும் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். ஒன்பதுதான்.

"சரி" என்றேன்.